2 வயதும் 5 வயதுமான குழந்தைகளோடு அதிகச் செலவில்லாமல் வெளியில் என்ன விளையாடலாம்?

கேள்வியில் செலவு, வயது வித்தியாசம் என்று இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. செலவு பெரிய பிரச்சினை இல்லை. வயது வித்தியாசத்துக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆளுக்கொரு விளையாட்டு என்று பிரித்துவிட்டால் பெற்றோரும் ஆளுக்கொரு பக்கம் ஓட வேண்டியிருக்கும். அதனால் பொருள் ஒன்றாகவும் வேலை இரண்டாகவும் இருக்கட்டும். தண்ணீர் என்றால் சின்னது ஊற்றட்டும், பெரியது அளக்கட்டும். கீழே உள்ள எல்லாமே இப்படிப் பிரித்துக் கொடுக்கக்கூடியவை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும். அது ஒரே மூச்சில் அல்ல, நாள் முழுக்கப் பரவலாக. எனவே விடுமுறை நாளில் ஒரே பெரிய பயணமாகப் போவதைவிட, தினமும் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி வாசலில் இறங்குவதே நல்லது. அதற்கு ஒரு பையில் ஐந்தாறு பொருள் போதும். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் வெளியே எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பினால் எதிலும் மனம் நிற்காது.

இன்றைக்கே தொடங்குவதென்றால் தண்ணீர்ப் பெயிண்ட். 2 அங்குல அகலமுள்ள புதிய சுவர் பிரஷ் ஒன்று, அகலமான சின்னக் கிண்ணம் ஒன்று, அதில் 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். சுவர், படி, சிமெண்ட் தரை, மரத்தண்டு எதில் வேண்டுமானாலும் பூசலாம். ஈரம் பட்ட இடம் கறுத்துத் தெரியும், சற்று நேரத்தில் காய்ந்து மறையும். சின்னதுக்கு அந்த மறைவே போதும், திரும்பத் திரும்பப் பூசும். பெரியதிடம், வெயிலில் ஒன்றும் நிழலில் ஒன்றுமாக ஒரே அளவில் இரண்டு வட்டம் போடச் சொல்லி எது முதலில் காயும் என்று கேளுங்கள். வெளிர் நிறச் சொரசொரப்பான பரப்பில் ஈரம் நன்றாகத் தெரியும். வழவழப்பான டைல்ஸில் தெரியாது, வழுக்கவும் செய்யும். பிரஷின் கைப்பிடி நீளமாக இருந்தால் பாதியாக அறுத்து, முனையை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுங்கள். சின்னக் கையில் நீளப்பிடி சுழன்று பக்கத்தில் இருப்பவரின் கண்ணில் குத்தும்.

அடுத்தது சோப்புக் குமிழி. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் ஒரே அளவு ஆசை இருப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1 லிட்டர் தண்ணீர், 100 மி.லி. பாத்திரம் கழுவும் லிக்விட், 2 மேசைக்கரண்டி கிளிசரின். தண்ணீரில் முதலில் கிளிசரினைக் கரைத்து, கடைசியில் லிக்விடை ஊற்றிக் கரண்டியால் மெதுவாகச் சுற்றுங்கள். பாட்டிலில் அடைத்துக் குலுக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. குலுக்கினால் நுரை பொங்கும், வளையத்தில் நுரை ஒட்டினால் படலம் அந்த இடத்தில் அறுந்துவிடும். ராத்திரியே கலந்து மூடி வைத்தால் காலையில் நுரை அடங்கியிருக்கும். அப்படியும் குமிழி நிற்கவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். உப்புத்தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் வேலையைக் கெடுக்கும். மழைநீரோ வடிகட்டிய குடிநீரோ எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

குமிழி ஏன் உடைகிறது என்று தெரிந்தால் எப்போது விளையாடலாம் என்பதும் தெரிந்துவிடும். படலத்தில் உள்ள தண்ணீர் கீழ்நோக்கி வடிகிறது, காற்றிலும் ஆவியாகிறது. மேல்பகுதி மெலிந்துகொண்டே போய் அறுகிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அது கொஞ்சம் தள்ளிப்போகும். அதிகாலையும் மழை விட்ட பிறகும் காற்றில் ஈரம் இருப்பதால் குமிழி நெடுநேரம் நிற்கும். உச்சிவெயிலிலும் வறண்ட காற்றிலும் எவ்வளவு நல்ல கலவையும் தோற்றுப்போகும். பெரியதுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. குமிழியின் உச்சியில் நிறங்கள் மங்கி வெறும் கண்ணாடி போல ஆனால் படலம் மிக மெலிந்துவிட்டது என்று பொருள். "இப்போது உடையும்" என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறதா பார்க்கட்டும்.

பெரிய குமிழிக்கு அரை மீட்டர் நீளமுள்ள இரண்டு குச்சிகள், கனமான பருத்தி நூல், எடைக்கு ஒரு நட்டு. 50 செ.மீ. நூலின் இரு முனைகளை இரண்டு குச்சிகளின் நுனியில் கட்டுங்கள். அதே நுனிகளில் 100 செ.மீ. நூலில் நட்டைக் கோத்துக் கட்டினால் அது தொங்கி முக்கோணமாகும். நைலான் கயிறு வேண்டாம், அது கலவையை உறிஞ்சாது. நூல் முழுக்க நனையும்படி அகலமான தட்டில் முக்கி, குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து மெதுவாகத் தூக்கி, பிறகு விரியுங்கள். ஊதத் தேவையில்லை. காற்று முதுகில் படும்படி நின்று இரண்டடி பின்னால் நடந்தால் போதும். படலம் நீண்டதும் குச்சிகளைச் சேர்த்தால் குமிழி கழன்று போகும். முதல் நான்கைந்து முறை உடைந்தால் நூல் இன்னும் முழுதாக ஊறவில்லை என்று அர்த்தம்.

சின்னதின் வேலை துரத்துவதும் உடைப்பதும். அதன் கையைக் கலவையில் நனைத்துவிட்டால் குமிழி உடையாமல் உள்ளங்கையில் வந்து உட்காரும். காய்ந்த கை பட்டால்தான் உடையும். ஸ்ட்ரா மட்டும் கொடுக்காதீர்கள், ஊதச் சொன்னால் அந்த வயதில் உறிஞ்சிவிடும். விளையாடும் இடம் புல்லாகவோ மண்ணாகவோ இருக்கட்டும். சிமெண்ட் தரையில் கலவை சிந்தினால் சறுக்கி விழுவார்கள். கண்ணில் பட்டால் கழுவ ஒரு பாட்டில் சுத்தமான தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். மிச்சக் கலவையை ஒருபோதும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

நிழல் வரைவதற்கு ஒரு சாக்பீஸ் போதும். காலையில் பெரியதை நிற்க வைத்து முதலில் பாதங்களைச் சுற்றி வரையுங்கள், பிறகு நிழலை. பாதத்தை வரையாமல் விட்டால் அடுத்த முறை வேறு இடத்தில் நின்றுவிடும், ஒப்பிட முடியாது. சின்னது அசையாமல் நிற்காது. அதற்கு மண் நிரப்பிய பாட்டில் ஒன்றை நிறுத்தி அதன் நிழல் நுனியில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் நிழல் கல்லை விட்டு நகர்ந்திருக்கும். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை பார்த்தாலே நிழல் குறுகுவதும் பக்கம் மாறுவதும் தெரியும். வெயிலைப் பற்றிய எச்சரிக்கையையும் இதிலேயே கற்றுக்கொடுத்துவிடலாம். சூரியன் 45 பாகைக்கு மேல் ஏறினால் நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாகிவிடும், அப்போது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் தீவிரம் அதிகம். "நிழல் என்னைவிடக் குட்டை, மரத்தடிக்குப் போகலாம்" என்று ஐந்து வயதுக் குழந்தை தானாகவே சொல்லப் பழகும். மரத்தடியில் விளையாடுவதால் நஷ்டமும் இல்லை. பகலில் மரநிழலின் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். வெளியில் அதிக நேரம் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எறும்பு பார்ப்பதற்கு எதுவுமே வேண்டாம். எறும்புச் சாரியிலிருந்து ஓரடி தள்ளிக் குந்துங்கள். ஈரத்துணியால் சாரியின் குறுக்கே ஒரு முறை துடைத்துவிட்டால் எறும்புகள் அந்த இடத்தில் தடுமாறி நின்று இப்படியும் அப்படியும் தேடும். முன்னே போனவை தரையில் விட்டுச் சென்ற வாசனைத் தடம் அழிந்துபோனதுதான் காரணம். சற்று நேரத்தில் மறுபடி வழி கண்டுபிடித்துவிடும், அதுவரை இருந்து பார்ப்பது முக்கியம். பூதக்கண்ணாடி இருந்தால் நிழலில் மட்டும் கொடுங்கள். வெயிலில் அது சருகைப் பற்றவைக்கும், அதன் வழியே சூரியனைப் பார்த்தால் கண் கெட்டுவிடும். கடிக்கும் எறும்பா என்று முதலில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்க அழைத்துப் போகும்போது அடம்பிடிக்கும் குழந்தைக்குக் கைவளையல் உதவும். அகலமான பேப்பர் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி, இரண்டு விரல் நுழையும் தளர்ச்சியோடு மணிக்கட்டில் சுற்றுங்கள். வழியில் உதிர்ந்து கிடக்கும் இதழ், இலை, இறகு எல்லாம் அதில் ஒட்டும். ஈர இலையும் கூழாங்கல்லும் ஒட்டாது, அவற்றுக்கு ஒரு பை கொடுங்கள். செடியிலிருந்து பறிக்கக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள், ஏனென்றால் கிள்ளினால் பால் வடியும் செடிகள் பலவும் தோலுக்கும் கண்ணுக்கும் ஆகாதவை. கொட்டைகளையும் சின்னக் கற்களையும் சின்னது வாயில் போடும், கண் அங்கேயே இருக்கட்டும்.

வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில்தான் அழுகை வரும். "போகலாம், வா" என்று திடீரென்று கிளப்பாமல், ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவிட்டு ஒரு கடைசி வேலை கொடுங்கள். வாளியிலும் கிண்ணத்திலும் மிஞ்சிய வெறும் தண்ணீரைச் சின்னது மக்கில் மொண்டு தர, பெரியது கொண்டுபோய் மரத்தின் வேரில் ஊற்றட்டும். சில செ.மீ. தண்ணீரில்கூடச் சிறு குழந்தை மூழ்கிவிட முடியும் என்பதால் வாளி எப்படியும் காலியாக வேண்டும். கடைசி மக்கு ஊற்றியதும் வாளியைக் கவிழ்த்து வைக்கும் வேலையைச் சின்னதுக்கே கொடுங்கள்.