60 வயது தாண்டினால் பல் வைத்தியம் இலவசமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். அம்மாவுக்கு 62 வயது, வருமானம் கிடையாது. மருந்துச் சீட்டுக்கு அவரிடம் காசு வாங்குவதில்லை, பல் டாக்டர் மட்டும் பணம் கேட்கிறார். ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சையும் கிரௌனும் (பல்லுக்கு மேல் போடும் உறை), வேறு இரண்டு பல்லுக்கு அடைப்பும் வேண்டுமாம். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் செலவு குறையுமா? பல் துலக்கும்போது ஈறில் இரத்தமும் வருகிறது.

பதில்: குறையாது, கூடும்.

முதலில் வயது விஷயம். இங்கிலாந்தில் 60 வயதானால் மருந்துச் சீட்டு இலவசம். பல் சிகிச்சை அப்படியில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தை பெற்று ஒரு வருடம் ஆகாதவர்கள், சில அரசு உதவித்தொகைகள் பெறுபவர்கள் போன்ற சிலருக்குத்தான் என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) பல் கட்டணம் கிடையாது. வரவேற்பு மேசையில் நீட்டும் படிவத்தில் 60ஐ நினைத்து 'இலவசம்' கட்டத்தில் டிக் போட்டுவிட்டால், பின்னால் கட்டணத்தோடு அபராதமும் வீட்டுக்கு வரும்.

கட்டணம் மூன்று படிகளில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் வந்த கணக்குப்படி, பரிசோதனை, எக்ஸ்ரே, தேவைப்பட்டால் பல் சுத்தம் எல்லாம் சேர்ந்து முதல் படி, 27.40 பவுண்ட். அடைப்பு, வேர் சிகிச்சை, பல் பிடுங்குவது இரண்டாம் படி, 75.30. கிரௌன், பல் செட், பிரிட்ஜ் மூன்றாம் படி, 326.70.

இந்தப் பணம் பல்லுக்கு இத்தனை என்று இல்லை, ஒரு சிகிச்சைச் சுற்றுக்கு இத்தனை. அந்தச் சுற்றில் எந்தப் படி உயர்ந்ததோ அதை மட்டும் ஒரு முறை கட்டினால் போதும். அம்மாவுக்குச் சொன்ன எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடித்தால் 326.70தான். அடைப்பையும் வேர் சிகிச்சையையும் இப்போது முடித்துவிட்டு, கிரௌனைச் சில மாதம் கழித்துப் போட்டால் 75.30 தனி, 326.70 தனி. மொத்தம் 402.

ஆனால் கிரௌன் உண்மையிலேயே வேண்டுமா என்று கேளுங்கள். கடைவாய்ப் பல் என்றால் பெரும்பாலும் வேண்டும். வேர் சிகிச்சை செய்த பல் கடிக்கும் அழுத்தத்தில் பிளந்துவிடக்கூடும். முன்பல்லாக இருந்து, பல் அதிகம் உடையாமல் இருந்தால் நல்ல அடைப்பே போதும் என்ற நிலை அடிக்கடி உண்டு. அப்படியானால் எல்லாம் சேர்த்தே 75.30ல் முடிந்துவிடும்.

ஈறில் இரத்தம் வருவதால், அது ஆறும்வரை கிரௌன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். அது காசுக்காகச் சொல்வதல்ல. வீங்கிய ஈறுக்குப் பக்கத்தில் அச்செடுத்தால் கிரௌன் சரியாகப் பொருந்தாது.

அம்மாவுக்கு வருமானம் இல்லை என்கிறீர்கள். குறைந்த வருமானம் உள்ளவர்கள் கட்டணச் சலுகை கேட்கும் எச்.சி.1 என்ற படிவத்தைப் போடுங்கள். சேமிப்பு 16,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். அப்பா உடன் இருந்தால் அவர் வருமானமும் கணக்கில் வரும். முழுச் சலுகை கிடைத்தால் எச்.சி.2 சான்றிதழ் வரும், கட்டணமே இல்லை. ஓரளவு சலுகை மட்டும் என்றால் எச்.சி.3. பணம் கட்டியாகிவிட்டதா? ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதத்துக்குள் திரும்பக் கேட்கலாம்.

புதியவர்களைச் சேர்க்கவில்லை என்று பக்கத்துக் கிளினிக்கில் சொன்னால் வேறு வட்டாரத்தில் கேளுங்கள். பல் டாக்டருக்கு ஜி.பி. (குடும்ப டாக்டர்) மாதிரி எல்லை கிடையாது. வலி தாங்கவில்லை என்றால் என்.எச்.எஸ். உதவி எண் 111க்குப் போன் செய்யுங்கள். அவசர சிகிச்சைக்கு முதல் படிக் கட்டணம்தான், பல்லைப் பிடுங்கினாலும்கூட. ஆனால் அது வலியை நிறுத்த மட்டுமே. மிச்ச வேலைக்குப் புதுச் சுற்று, புதுக் கட்டணம்.

சரி, ஈறு. இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். அங்கேதான் மெதுவாக, நன்றாகத் துலக்க வேண்டும். மிருதுவான பிரஷ், ஃப்ளோரைடு 1,350 முதல் 1,500 பிபிஎம் வரை உள்ள சாதாரணப் பேஸ்ட் போதும். சூப்பர்மார்க்கெட்டின் சொந்தத் தயாரிப்பிலும் அந்த அளவு இருக்கும், டியூபின் பின்னால் பாருங்கள். உப்பும் கரியும் வேண்டாம். படுக்கப் போகுமுன் ஒரு தடவை, பகலில் ஒரு தடவை. துப்பினால் போதும், உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். பல் இடுக்குக்கு அதற்கென்று இருக்கும் சின்ன பிரஷ்ஷை தினம் ஒரு முறை போடச் சொல்லுங்கள். பல் வேர் தெரிய ஆரம்பித்த வயதில், நாள் முழுக்கச் சர்க்கரை போட்ட டீ குடிப்பது பல் சொத்தைக்கு ஒரு முக்கியக் காரணம். சாப்பாட்டு நேரத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்லது.

அம்மாவுக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே வாய்ப்புற்றுநோய் வரவைக்கும். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாயைத் திறக்கவே இறுக்கம், இவற்றில் ஏதாவது இருந்தால் கிரௌனுக்கு முன்னால் அதைக் காட்டுங்கள். முதல் படிப் பரிசோதனையிலேயே அதையும் பார்ப்பார்கள், தனிக் கட்டணம் இல்லை.