பூனை கண் திறந்தபடியே கிடந்ததே, வலித்திருக்குமா?

கேள்வி: எங்கள் ஒன்றரை வயதுப் பூனைக்கு நேற்றுக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. முதல் ஊசி போட்டதும் வாந்தி எடுத்தது. பிறகு அசைவில்லை, ஆனால் கண்கள் திறந்தே இருந்தன. மாலையில் தள்ளாடி நடந்தது. போட்ட மருந்து கெட்டமின் என்றார்கள். அது போதை மருந்து என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. வலிக்கு அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா? அடுத்த மாதம் இன்னொரு பூனைக்கும் செய்ய வேண்டும்.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அரையும் வேண்டாம், காலும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு வருகிறேன். உங்கள் பூனை விழித்துக்கொண்டு வலியை அனுபவிக்கவில்லை. கெட்டமின் ஏறிய பூனை கண்ணை மூடாது. அந்த மருந்தின் இயல்பு அது. கண் உலர்ந்துவிடாமல் இருக்க நாங்கள் களிம்பு தடவுவதும் அதனால்தான். வீட்டுக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டமினை மட்டும் போட்டு வயிற்றைத் திறந்தால் தசை விறைக்கும், உள்ளுறுப்பு வலியும் முழுதாக அடங்காது. அந்தக் குறையை நிரப்பத்தான் பெரும்பாலும் சைலசின் போன்ற மருந்தைச் சேர்த்துப் போடுகிறோம். வாந்தி சைலசின் செய்த வேலை. பூனைகளிடம் வெகு சாதாரணம். தள்ளாட்டம் ஒரு நாளில் தெளியும். அதுவரை இருட்டான அறையில், தரையில், மற்றப் பூனையின் கண்ணில் படாமல் வைத்திருங்கள். தெளியாத வாயில் பாலாடையால் பால் ஊற்றும் பாசம் மட்டும் வேண்டாம். அது நுரையீரலுக்குப் போகும்.

போதை மருந்து என்ற பயத்துக்கு ஒரு வரி போதும்: கெட்டமின் 1970 முதல் மனிதர்களின் அறுவை சிகிச்சையிலும் பயன்படுகிறது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. இன்றும் நாளையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பூனையின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். (சில பூனைகளுக்கு ஈறே கறுப்பு, அப்போது நாக்கைப் பாருங்கள்.) ஈறு சுண்ணாம்பாக வெளுத்து, பாதம் சில்லிட்டு, பூனை எழ மனமில்லாமல் கிடந்தால் வயிற்றுக்குள் இரத்தக் கசிவு இருக்கலாம். மயக்கம் இன்னும் தெளியவில்லை போலும் என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம், நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

ஈறு பழுப்பாக மாறினால் கதை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் காய்கறிக் கூடையில் பூனையைக் கொண்டுவந்தார். முகம் வீங்கி, ஈறு காப்பித் தூள் நிறத்தில் இருந்தது, மூச்சு இரைத்தது. “மயக்க ஊசி ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர்” என்றார். அறுவை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று நாள் கழித்தா ஊசி வேலை காட்டும்? துருவிக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை வந்தது. மனிதக் கல்லீரல் எளிதாகச் சமாளிக்கும் பாராசிட்டமாலைப் பூனையின் கல்லீரலால் சமாளிக்க முடியாது. அதன் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்துவிடுகிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அந்த நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு. ஆனால் முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம். அந்தப் பூனை பிழைக்கவில்லை. அவர் கடைசிவரை ஊசியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பூனைக்கு, மூச்சு வழியே கொடுக்கும் வாயு மயக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். ஆனால் வாயுவைப் போல ஊசி மருந்தை நடுவில் குறைக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். எனவே கண் மதிப்பில் அளவு போடாமல், பூனையைத் தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். பூனையின் உடல் கெட்டமினைப் பெரிதும் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகிறது. அந்தப் பூனைக்கு வயதாகியிருந்தாலோ, அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, முன்கூட்டியே சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். வலி மருந்தை அறுவை செய்த மருத்துவரே எழுதித் தருவார், கேட்டு வாங்குங்கள்.