முதுமலை வழியே ஒரு மலைச் சுற்று

கேள்வி: கல்லணைக் கால்வாய்க் கரையிலும் ஊர்ச் சாலையிலும் மட்டுமே கார் ஓட்டிப் பழக்கம். முதுமலைக் காட்டுக்குள் ஓட்டிப் பார்க்க ஆசை. எந்த வழி, என்ன கவனம்?
வாசகர், மன்னார்குடி

பதில்: தஞ்சை, திருச்சி, கரூர் வழியாக மேட்டுப்பாளையம் வந்து, குன்னூர் ஏறி ஊட்டியில் தங்குங்கள். நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும்; கிளம்புமுன் பதிவு செய்யுங்கள். மறுநாள் காலை கூடலூர் இறங்கி, தெப்பக்காடு, மசினகுடி, கல்லட்டி வழியாக ஊட்டி திரும்பலாம். திசையை மாற்றாதீர்கள். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளும் மிகச் செங்குத்து; அதில் வெளியூர் வண்டிகள் இறங்க அனுமதி இல்லை, ஏறலாம்.

சமவெளியில் ஓட்டியவர்கள் தவறுவது இறக்கத்தில்தான். ஏற எந்த கியர் தேவையோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பேட் சூடேறிப் பிடிப்பு குறையும், பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும். பழைய பிரேக் ஆயிலை ஊரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி.

காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. பகலிலும் நிறுத்தி இறங்காதீர்கள். யானை சாலையில் நின்றால் தள்ளியே நில்லுங்கள், ஹாரன் வேண்டாம். குட்டியோடு இருக்கும் யானை சத்தத்துக்கு மிரண்டு துரத்தும்.