கண்டவர் சொல்லும் கத்தி சொல்லும்: கொலை வழக்குச் சாட்சியம் பற்றிய கேள்வி பதில்

(மட்டக்களப்பு, கல்முனை மேல் நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளில் ஆஜராகும் சட்டத்தரணி ஒருவர் பதில் சொல்கிறார். நடந்துகொண்டிருக்கும் வழக்குகளின் ஆள், ஊர், பெயர் எதுவும் போட வேண்டாம் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை.)

கல்லடி, மாணவர்: சேர், நேரில் பார்த்தவரின் சாட்சியம் பெரிதா, கத்தியும் இரத்தமும் பெரிதா?

தம்பி, கத்தி தானாக நடந்து நீதிமன்றத்துக்கு வருவதில்லை. அதைக் கண்டெடுத்தவர், உறையில் போட்டு முத்திரை வைத்தவர், பதிவேட்டில் எழுதியவர், அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குக் கொண்டுபோனவர் என்று இத்தனை பேர் கூண்டில் ஏறிச் சொன்னால்தான் அது சான்றுப்பொருள். நடுவில் ஒரு கை விடுபட்டால், சோதித்த கத்தியும் எடுத்த கத்தியும் ஒன்றுதானா என்று நான் கேட்பேன். அதற்குப் பதில் இல்லையென்றால் அறிக்கையை வைத்து என்ன செய்வது?

மறுபக்கம், கண்டவரின் சொல்லைக் காயத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். "பின்னால் வந்து வெட்டினான்" என்கிறார் சாட்சி. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையிலோ ஒரு வெட்டு நெற்றியில், இன்னொன்று இடது முன்கையின் வெளிப்புறத்தில். முன்கையில் இருப்பது கையைத் தூக்கித் தடுத்த காயம். அப்படியென்றால் இறந்தவர் வெட்டியவனைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். சாட்சி பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டவும் முடியாது. சத்தம் கேட்டுத் திரும்பியவர் கடைசி வெட்டை மட்டும் பார்த்துவிட்டு, முன்னால் நடந்ததைத் தானே நிரப்பியிருக்கலாம். குறுக்கு விசாரணையின் பாதி வேலை அதைப் பிரித்தெடுப்பதுதான்.

களுவாஞ்சிக்குடி: ஒரே ஒரு சாட்சி இருந்தால் போதுமா?

போதும். சாட்சியக் கட்டளைச் சட்டம் 134ஆம் பிரிவு: எந்த விடயத்தையும் நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு இல்லை. ஆனால் அந்த ஒருவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும்.

அக்கரைப்பற்று, விவசாயி: இரவில் வயல் காவலுக்கு வாடியில் இருந்தவர் "இன்னார்தான் ஓடினார்" என்றால் நீதிமன்றம் ஏற்குமா?

நல்ல கேள்வி காக்கா. இங்கிலாந்தில் 1976இல் டேர்ன்புல் வழக்கில் சொன்ன அளவுகோல்களை நம் நீதிமன்றங்களும் பார்க்கின்றன: எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, நடுவில் மறைப்பு இருந்ததா, ஆளை முன்பே தெரியுமா, முதலில் சொன்ன அடையாளத்துக்கும் ஆளுக்கும் வித்தியாசம் உண்டா.

வயல் வழக்கென்றால் நான் முதலில் பஞ்சாங்கத்தைத்தான் எடுப்பேன். அன்று என்ன திதி, நிலவு எத்தனை மணிக்கு எழுந்தது? 1858இல் அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் ஒரு கொலை வழக்கில் இதைத்தான் செய்தார். நிலவு வெளிச்சத்தில் பார்த்தேன் என்ற சாட்சியிடம் பஞ்சாங்கத்தை நீட்டினார். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலை.

டோர்ச் லைற் என்றால் யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டும். சாட்சியின் கையில் இருந்தால் ஓடுகிறவரின் முதுகு தெரியும். ஓடியவரின் கையில் இருந்தால் சாட்சிக்குக் கண்தான் கூசும். ஒரே ஊர்க்காரரை நடையை வைத்தே அடையாளம் காணலாம், உண்மைதான். தெரிந்தவர் என்று நினைத்து வேறு ஆளைக் காட்டுவதும் நடக்கிறது.

வாழைச்சேனை: சந்தேகநபரின் படம் முகநூலில் வந்துவிட்டது. அதனால் பாதிப்பு உண்டா?

உண்டு, நிறைய உண்டு. இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிறார்கள் இல்லை. சாட்சிக்கு முன்பின் தெரியாத ஆள் என்றால் நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். அதற்கு முன் வட்ஸ்அப்பில் முகம் சுற்றிவிட்டால், சாட்சி காட்டுவது அன்றிரவு கண்ட முகத்தையா, போனில் கண்ட முகத்தையா? சாட்சிக்கே தெரியாது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு நீங்களே வழக்கைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். படத்தைப் போடாதீர்கள்.

செங்கலடி: ஒரு சாட்சி மட்டும் இருந்தால் தண்டனை கொடுக்கலாமா?

மேலே களுவாஞ்சிக்குடிக்குச் சொன்னேன்.

அம்பாறை, மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்: சேர் சுற்றி வளைக்கிறீர்கள். மனிதன் மறப்பான், பயப்படுவான், காசு வாங்குவான். பொருள் பொய் சொல்லாது. அறிவியல் இருக்கும்போது கண்கண்ட சாட்சி எதற்கு?

பொருள் பொய் சொல்லாது, சரி. உண்மையும் சொல்லாது. அதற்காக ஒரு நிபுணர் பேசுகிறார். சாட்சியக் கட்டளைச் சட்டம் 45ஆம் பிரிவின் கீழ் அவர் சொல்வது அபிப்பிராயம்.

நம் நாட்டு வழக்கையே எடுப்போம். 1951 ஒக்டோபர், கொழும்பு பம்பலப்பிட்டி. கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் மனைவி கழுத்து நெரிக்கப்பட்டு வீட்டுக் கராஜில் கிடந்தார், கழுத்தில் ஓர் உரல். வேலைக்காரன் வில்லியம் மன்னிப்புப் பெற்று அரச சாட்சியானான். துரைதான் (சதாசிவம்தான்) கொன்றார், நான் உதவினேன் என்றான். கண்கண்ட சாட்சிக்கு மேல், கூட இருந்த சாட்சி!

சதாசிவம் காலை பத்தரை அளவில் வீட்டை விட்டுப் போய்விட்டார். ஆகவே மரணம் அதற்கு முன்பா பின்பா என்பதுதான் வழக்கு. சட்ட மருத்துவப் பேராசிரியர் டி சேரம் உடல் வெப்பத்தை அளந்து கணக்கிட்ட நேரம் அரச தரப்புக்குச் சாதகம். எதிர்த்தரப்பில், சதாசிவத்தின் சட்டத்தரணியாக, கொல்வின் ஆர். டி சில்வா. அவர் எடின்பரோவிலிருந்து சட்ட மருத்துவ நிபுணர் சேர் சிட்னி ஸ்மித்தை அழைத்தார். வெப்பத்தை வைத்து நேரத்தை அவ்வளவு இறுக்கமாகச் சொல்ல முடியாது என்றார் ஸ்மித். 1953இல் ஜூரி சதாசிவத்தை விடுவித்தது.

அதே அம்பாறைக்காரர்: அது நான் சொன்னதைத்தானே காட்டுகிறது? வில்லியத்தின் வாயை அறிவியல் முறியடித்தது.

எந்த அறிவியல், தம்பி? வெப்பமானி வில்லியத்தின் பக்கம் நின்றது. அவனுக்கு எதிராக நின்றவை அவன் உடம்பில் இருந்த கீறல்களும், இறந்தவரின் பாதங்களில் படிந்திருந்த அழுக்கும். மாடிப் படுக்கையறையில் நடந்தது என்றான் அவன். அழுக்கோ சமையலறைப் பக்கம் கைகாட்டியது. ஒரே உடலில் எடுத்த இரண்டு தடயம் இரண்டு பக்கம் இழுக்கிறது. எதை நம்புவது என்று எந்தக் கருவி சொல்லும்? சம்பந்தப்பட்டவர்களைக் கூண்டில் ஏற்றி, நாள்கணக்காகக் கேள்வி கேட்டுத்தான் அதைத் தீர்த்தார்கள். பேராசிரியரும் அதோடு விடவில்லை. தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல் எப்படிக் குளிர்கிறது என்று அளந்து, சகாக்களோடு 1955இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார். இன்றும் அந்தத் துறையில் மேற்கோள் காட்டுகிறார்கள்.

காத்தான்குடி, ஆசிரியை: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இப்போது மரபணுச் சோதனை இருக்கிறதே, 1951 உதாரணம் பொருந்துமா?

பொருந்தும் மிஸ். ஒரே வீட்டில் இருப்பவரின் மரபணு அந்த வீட்டில் கிடைத்தால் அதில் என்ன அதிசயம்? "இவருடையது" என்று சோதனை சொல்லும். எப்போது, ஏன் அங்கே வந்தது என்பதைச் சொல்லாது. ஆனால் அம்பாறைத் தம்பியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் பிறகு விடுதலையான நூற்றுக்கணக்கானோரில் பெரும்பாலோரின் வழக்குகளில், தவறாக அடையாளம் காட்டிய சாட்சி ஒருவராவது இருந்திருக்கிறார். அவர்களில் பலர் பொய்யர்கள் அல்ல, நிச்சயமாக நம்பியவர்கள். குரலில் இருக்கும் உறுதியை வைத்து நான் யாரையும் நம்புவதில்லை.

திருக்கோவில்: எதிரி காட்டிய இடத்தில் கத்தி கிடைத்தால் வழக்கு முடிந்ததுதானே?

இல்லை. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் 25ஆம் பிரிவின்படி செல்லாது. 27ஆம் பிரிவு ஒரு சின்னக் கதவைத் திறக்கிறது: பொருளைக் கண்டுபிடிக்க உதவிய பகுதி மட்டும் உள்ளே வரும். "அதால்தான் வெட்டினேன்" வெளியே நிற்கும், "வேலியோரப் பற்றைக்குள் வைத்திருக்கிறேன்" உள்ளே வரும். அதிலிருந்து தெரிவது, கத்தி எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும் என்பது மட்டும். வேறொருவர் போட்டதைப் பார்த்தும் தெரிந்திருக்கலாம். அந்தக் கத்தியால்தான் வெட்டப்பட்டது என்பதை வைத்தியரும் பகுப்பாய்வாளரும் தனியாக நிறுவ வேண்டும்.

சம்மாந்துறை: தாத்தாவின் காணி உறுதி தொலைந்துவிட்டது...

நொத்தாரிசிடம் போங்கள்.

ஏறாவூர்: ஒரே சாட்சி என்றால்...

134. நூற்று முப்பத்து நான்கு. தயவுசெய்து மேலே வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

பட்டிருப்பு: கடை சிசிரிவியில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. போதும்தானே?

உடனே பிரதி எடுக்கச் சொல்லுங்கள், பழையதின் மேல் புதியது பதிந்துவிடும். கமராவின் மணிக்கூடு சரியா என்றும் பாருங்கள். அந்தக் காட்சியை நீங்கள் முகநூலில் போடாதீர்கள்!

கல்முனை, பெயர் வேண்டாம்: அடுத்த வாரம் சாட்சி சொல்லப் போகிறேன். பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள், கையெழுத்துப் போட்டேன். என்ன இருக்கிறதென்று தெரியாது. பயமாக இருக்கிறது.

தங்கச்சி, இங்கே இது அடிக்கடி நடக்கிறது. அந்த வாக்குமூலத்தை வைத்து, "அன்று இப்படிச் சொன்னீர்கள், இன்று மாற்றிச் சொல்கிறீர்கள்" என்று கேட்பார்கள். வாசித்து விளங்கப்படுத்தினார்களா என்று கேட்டால் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். நீங்கள் தமிழில் பேசலாம், உரைபெயர்ப்பாளர் இருப்பார். சின்னச் சின்ன முரண்பாட்டால் சாட்சி முழுவதும் கழிந்துபோகாது. தூரத்தை மீற்றரில் சொல்ல வராவிட்டால், நீதிமன்றத்துக்குள்ளே ஒரு கதவையோ சுவரையோ காட்டி "அவ்வளவு தூரம்" என்று சொல்லுங்கள். யாராவது மிரட்டினால் அரச சட்டவாதியிடம் சொல்லுங்கள், சாட்சிகளைப் பாதுகாக்க 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அழைப்பாணையையும் அடையாள அட்டையையும் மறக்காமல் கொண்டுபோங்கள், காலையிலேயே போய்விடுங்கள்.