சட்ட மாணவர்களுக்கு கார்ப்பரேட் பேரம் பேசக் கற்றுக்கொடுப்பது எப்படி?

ராமநாதபுரம் அரசு சட்டக் கல்லூரி மாதிரியான இடத்தில் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். விரிவுரையைச் சுருக்கிவிட்டு மாணவர்களை எதிரெதிரே உட்கார வையுங்கள்.

மண்டபத்தில் நண்டுச் சதை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியைச் சென்னைக்காரர் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இரு தரப்புக்கும் தனித்தனி ரகசியக் குறிப்பு கொடுங்கள். விற்பவருக்கு மகள் கல்யாணத்துக்கு முன்பே பணம் வேண்டும். நண்டு கொடுக்கும் வியாபாரிகள் அவரோடு போய்விட்டால் மிஞ்சுவது கட்டடம்தான் என்பது வாங்குபவரின் பயம்.

விலைக்கு அவர்களாகவே மல்லுக்கட்டுவார்கள், அதை விடுங்கள். விற்றவர் மறுபடி அதே தொழிலில் இறங்கக் கூடாது என்ற ஷரத்தில்தான் நேரம் போக வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவுப்படி தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. குட்வில்லை, அதாவது தொழிலின் நற்பெயரையும் அதனால் வரும் வாடிக்கையையும், விற்பவர் விஷயத்தில் விலக்கு உண்டு, அதுவும் குறிப்பிட்ட, நியாயமான எல்லைக்குள். வாங்குபவர் 'தமிழ்நாடு முழுக்க' என்பார். 'நீங்கள் சரக்கு எடுப்பதே மண்டபத்திலிருந்து தொண்டி வரைதானே, அது போதும்' என்று விற்பவரின் வக்கீல் இறக்க வேண்டும்.

அப்புறம், பேசி முடித்ததை அவர்களே ஷரத்தாக எழுதட்டும். வாயால் ஒத்துக்கொண்டது எழுத்தில் எங்கே நழுவுகிறது என்று அப்போது பிடிபடும். நல்ல விலைக்கு முடித்தவருக்கு மார்க் போடாதீர்கள். எதிர்த்தரப்பின் தேவையைக் கேட்டுக் கண்டுபிடித்தவருக்குப் போடுங்கள்.