மாத்திரையை நிறுத்தாதீங்க, மணலை மாத்துங்க

கீழக்கரை அண்ணே, வயசு 52, பிரஷர் 150/96, அதுக்கு மாத்திரை அம்லோடிபின் 5 மி.கி. அக்குபஞ்சர்காரர் "கல்லீரல் யாங் மேலேறுது"ங்கிறார், கடற்கரையில பத்து நிமிஷத்துல மூச்சு வாங்குது, மாத்திரையை விடலாமான்னு கேட்டிருக்கீங்க.

விடாதீங்க. முகச்சிவப்பு, தலைவலி, கிறுகிறுப்பு, எரிச்சல் சேர்ந்து வந்தா சீன வைத்தியம் அதுக்கு வைக்கிற பேர்தான் "கல்லீரல் யாங் மேலேறுது"ங்கிறது; யாங்னா சூட்டு சக்தி. கல்லீரல் நோய்னு அர்த்தமில்லை. அவர் கஷாயம் தந்தா அதிமதுரம் இருக்கான்னு கட்டாயம் கேளுங்க. அது உடம்புல உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, பிரஷரை ஏத்தும். கருவாட்டு உப்பும் பிரஷரை ஏத்தும்.

மூச்சு வாங்கறதுக்கு முதல்ல ஒரு ஈசிஜி எடுத்துருங்க. படுத்தா மூச்சு முட்டுனா, நெஞ்சு இறுகுனா எக்கோவும் (இதய ஸ்கேன்) வேணும். கால் வீக்கம் அம்லோடிபினாலயும் வரும், டாக்டர்கிட்ட சொல்லுங்க.

எல்லாம் சரின்னா நடங்க. கால் புதையுற மணல்ல நடக்க, கெட்டித் தரையைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு சக்தி செலவாகும். அதனால அலை நனைச்ச கெட்டி மணல்ல 10 நிமிஷம், வாரம் 5 நாள். வாராவாரம் 3 நிமிஷம் கூட்டி 30க்கு வாங்க. நடக்கிறப்போ பேச வரணும், பாட மூச்சு பத்தக்கூடாது. அதுதான் சரியான வேகம். கிளம்புறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் உட்கார்ந்து ரெண்டு தடவை பிரஷர் பாருங்க. 180/110 தாண்டினா நடை வேண்டாம், அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.