அந்தக் காலப் பாய்மரக் கப்பலில் மாலுமிகள் எப்போது தூங்கினார்கள்?

18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் வழக்கமாக வலப்பக்கம், இடப்பக்கம் என இரண்டு அணிகள். 4 மணி நேரம் காவல், 4 மணி நேரம் ஓய்வு. இப்படியே போனால் நாளுக்கு 6 காவல் முறைகள். தினமும் நள்ளிரவில் அதே ஆட்களே நிற்க வேண்டிவரும். அதனால் மாலை 4 முதல் 8 வரையிலான முறையை இரண்டிரண்டு மணி நேரமாக வெட்டி 7 ஆக்கினார்கள். ஒற்றைப்படை ஆனதும் சுற்று தானாக மாறிவிடும். அருமையான ஏற்பாடு!

ஆக, ஓர் இரவு 12 முதல் 4 வரை மட்டும் தூக்கம். மறுநாள் அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு துண்டுகள். அரைமணிக்கு ஒருமுறை மணல் கடிகாரத்தைத் திருப்பி மணி அடிப்பார்கள். தொங்குபடுக்கைக்கு ஆளுக்கு 14 அங்குல அகலம்தான். பக்கத்து ஆள் காவலுக்குப் போனால் 28. புயலில் எல்லோரையும் மேல்தளத்துக்கு அழைத்தால் அந்த ஓய்வும் போய்விடும்.